ஓபலின் பெயரில்

வனெட்டா பையை மேசைமேல் கவிழ்த்தார். பால்புட்டி ஒன்று, மாற்று உடுப்பு ஒன்று, ஈரத்துணிப் பொட்டலம், நான்கு டயப்பர்கள். இன்னும் ஏதாவது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பையை ஒருதரம் உதறினார். ஒன்றும் விழவில்லை.

"இது இன்னைக்கா, இந்த வாரத்துக்கா?"

குழந்தையின் தொப்பி முடிச்சை அவிழ்க்கிற சாக்கில் ரேலின் குனிந்துகொண்டாள். "நாளைக்குக் கொண்டாந்துடறேன், மிஸ் வனெட்டா."

"போன திங்கக்கிழமையும் இதே பாட்டுதான்."

காலை ஐந்தே முக்கால். வெளியே பிப்ரவரி மழை விழுகிற இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. தேவாலயத்தின் அடித்தளத்தில் இருந்த அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அடுப்பெண்ணெய் வாசமும் பால் வாசமும் கலந்து கிடந்தன. கோழி ஆலையின் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஒன்பது பேர். ஒவ்வொன்றுக்கும் திங்கட்கிழமை இருபத்தைந்து டயப்பர் வந்து சேர வேண்டும், நாளொன்றுக்கு ஐந்து வீதம். துணி டயப்பர் ஆகாது. உரிமம் கொடுத்தவர்கள் அப்படி எழுதியிருந்தார்கள். டயப்பர் இல்லாத பிள்ளையை வனெட்டா திருப்பி அனுப்பியாக வேண்டும். பிள்ளை திரும்பினால் தாயும் திரும்ப வேண்டியதுதான்.

வனெட்டா ஓபலைப் படுக்க வைத்து இடுப்புப் பட்டியைப் பிரித்தார். பதினோரு மாதக் குழந்தை கால்களை உதைத்துச் சிரித்தது. தொடை இடுக்கில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"இங்க வந்து பாரு. மூஞ்சியத் திருப்பாத, வந்து பாரு. இது ராத்திரி பூரா ஒண்ணே ஒண்ணுல கிடந்த புண்ணு. மூணாவது வாரம். நான் கண்ணை மூடிக்கிட்டு இருக்க முடியாதும்மா, எழுதி அனுப்பியாகணும்."

"களிம்பு போட்டேன்."

"களிம்பு யாரு கேட்டா? மாசம் நூறு டயப்பர் அரசாங்கம் குடுக்குது. உனக்குக் கேக்கக் கூச்சமா இருக்குன்னு நானே என் வண்டியில ஏத்திக்கிட்டுப் போய், மருந்துக்கடை ஜன்னல்ல நின்னு இவ பேர்ல எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ஞாபகம் இருக்கா? அந்த நூறு இங்க வந்துடணும், வீட்டுக்கு வேண்டியத வேட் வாங்குவான். அதானே பேச்சு? எங்கம்மா போகுது அந்த நூறு? இந்தக் குட்டி தின்னுதா?"

வனெட்டா அடுத்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேட் மறுபடி ஆரம்பிச்சுட்டானா?"

கூரையிலிருந்து விழுந்து முதுகு நொறுங்கிய வருஷம் மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை ரேலினின் கணவன் வேட்டால் விட முடியாமல் போனது சாயர்ஸ் கேப் ஊர் முழுக்கத் தெரிந்த கதை. அவன் அதைத் தொட்டு இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிறது. அதுவும் தெரிந்த கதைதான், ஆனால் முதல் கதை அளவுக்கு யாருக்கும் நினைவில்லை. பிரிக்காத டயப்பர் பொட்டி அந்த ஊரில் காசு மாதிரி. மாத்திரை விற்கிறவனும் அதை வேண்டாமென்று சொல்ல மாட்டான்.

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் எங்கே போகிறது என்று அடுத்த கேள்வி வரும். ரேலின் குழந்தையின் காலுறையை இழுத்துச் சரிசெய்தாள். அந்த மௌனம் வனெட்டாவுக்குப் போதுமாக இருந்தது.

"ம்ம். அதான் பாத்தேன்," என்றார். அவர் குரல் மெத்தென்று ஆகிவிட்டது. அந்தப் பரிவுதான் தாங்க முடியாததாக இருந்தது. "நீ போம்மா. லைன் உனக்காக நிக்காது."

ஆலையின் வண்டி நிறுத்தத்தில் ரேலின் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பனிப்படலம் இருப்பது நல்லதாயிற்று, வெளியிலிருந்து எதுவும் தெரியாது. இருக்கைக்கு அடியிலிருந்து டயப்பர் ஒன்றை எடுத்தாள். இரண்டு பக்கத்துப் பட்டிகளையும் கிழித்து, நீளவாக்கில் மடித்து, கால்சட்டையை இறக்கி உள்ளே வைத்து அழுத்திக்கொண்டாள். மதிய இடைவேளைக்கு ஒன்று சட்டைப் பைக்குள் போனது. செப்டம்பரிலிருந்து இதுதான் வழக்கம். சனிக்கிழமை வேலை வந்தால் அன்றைக்கும் இரண்டு.

ஓபல் பிறந்தபோது ரேலினுக்குக் கிழிந்து தையல் போட்டார்கள். அதற்கப்புறம் சிறுநீரை அடக்க முடிவதில்லை. எலும்பு பிரிக்கும் லைனில் நிற்கிறவர்கள் வெளியே போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். மாத்தாள் வந்து நின்ற பிறகுதான் நகரலாம். நாற்பது பேருக்கு ஒரு மாத்தாள். மேலங்கி, கைச்சட்டை, இரும்பு வலைக் கையுறை எல்லாம் கழற்றி மாட்டுவதற்குள்ளேயே நேரம் ஓடிவிடும். வேலைக்குத் திரும்பிய ஏழாவது நாள் அவள் கையைத் தூக்கி முக்கால் மணி நேரம் நின்றாள். அன்று சாயங்காலம் இடுப்பில் மேலுடுப்பைக் கட்டிக்கொண்டு வீடு போனாள்.

உள்ளே குளிர் எலும்புக்குள் இறங்கியது. தலையில்லாத கோழிகள் கூம்புகளில் செருகப்பட்டு வந்துகொண்டேயிருந்தன. ரேலின் வலது தோளை வெட்டுவாள், அடுத்து நிற்கும் ஃப்ளோரிடால்மா இடது தோளை வெட்டுவாள். குளோரின் நெடியில் எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. ஒன்பது மணிக்கு ஃப்ளோரிடால்மா கையைத் தூக்கினாள். மேற்பார்வையாளன் ரிக்கி கையில் பலகையோடு வந்தான்.

"மறுபடியுமா? உன் வயித்துல ஆறு ஓடுதா, ஃப்ளோரி?"

"ஒரு நிமிஷம், ரிக்கி. ஒரே நிமிஷம்."

"இவளைப் பாரு." அவன் ரேலினின் தோளைத் தட்டினான். "கைப்புள்ளைக்காரி. அஞ்சு மாசமாச்சு, ஒரு தடவை கை தூக்கியிருக்காளா? மனசு வச்சா எல்லாம் அடங்கும். என்ன ரே, சரிதானே?"

ரேலின் கத்தரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன மாதம் இந்த லைனின் சிறந்த கை என்று அவள் படத்தைச் சாப்பாட்டு அறையில் ஒட்டியிருந்தார்கள். பரிசாக ஒரு முழுக் கோழி கொடுத்தார்கள். வேட் அதை ஞாயிற்றுக்கிழமை மாவில் தோய்த்துப் பொரித்தான்.

மதியம் ஃப்ளோரிடால்மா அவளெதிரே உட்கார்ந்து மடித்த சோள ரொட்டியைப் பிய்த்தாள். குவாத்தமாலாவிலிருந்து வந்து பதினாறு வருஷம். ஆலையிலேயே கற்றுக்கொண்ட ஆங்கிலம்.

"நீ என்ன பண்ற, ரே? எனக்கும் சொல்லு. நான் தண்ணி குடிக்கிறதே இல்ல. முந்தின நாள் சாயங்காலத்தோட நிறுத்திடறேன். அப்பவும் வருது."

"தண்ணி குடிக்காம இருக்காத, ஃப்ளோரி."

"உனக்கென்ன, நீ இரும்பு. என் புருஷன் கேக்கறான், அந்த வெள்ளைக்காரப் பொண்ணால முடியுது, உன்னால ஏன் முடியலன்னு. டிசம்பர்ல ஆஸ்பத்திரியில படுத்தேன்ல, அதுக்குக்கூட அவன் அதான் சொன்னான்."

ரேலின் தன் ரொட்டியைப் பாதியில் சுருட்டி வைத்தாள்.

புதன்கிழமை வேட் வழக்கத்தைவிட முன்னதாக வந்தான். வண்டிக் கதவைச் சாத்திய சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அடுப்பில் பயறு கொதித்துக்கொண்டிருந்தது, இரும்புச் சட்டியில் சோள அப்பம் வெந்துகொண்டிருந்தது. டயர் கடை மசி படிந்த கையைக்கூடக் கழுவாமல் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஓபல் தவழ்ந்து போய் அவன் பூட்ஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைகள் நல ஆபீஸ்லேர்ந்து கடைக்குப் போன். ஓனர்தான் எடுத்தாரு. வந்து சோதனைக்கு ஒண்ணுக்குப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போகணுமாம்."

ரேலின் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போனேன். போகாம இருந்தா அதுவே குத்தமாயிடும்ல? ஒரு ஆளு கூடவே உள்ள வந்தான். கதவைச் சாத்த விடல. நின்னு பாத்துக்கிட்டே இருக்கான், ரே. என் மகன் வயசு இருக்கும் அவனுக்கு, எனக்கு மகன்னு ஒருத்தன் இருந்திருந்தா. 'அவசரமில்ல சார்'ங்கறான். வரவே மாட்டேங்குது. இருபது நிமிஷம் நின்னேன், குழாயைத் திறந்து விட்டான், அப்புறம்தான் வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சுத்தம். வேற என்ன சொல்லுவாங்க? ஆனா ஏன் கூப்ட்டாங்கன்னு கேட்டேன். புள்ளையோட டயப்பரை வித்து நான் மாத்திரை வாங்கறேனாம். யாரு சொன்னதுன்னு சொல்ல மாட்டாங்களாம்." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மிஸ் வனெட்டாவாத்தான் இருக்கும். அவங்க மேல எனக்குக் கோவமில்ல. எனக்குன்னு ஒரு பேரு இருக்கு, நான் சம்பாதிச்ச பேரு. ஆனா நீ அங்க தினம் போற வர்றவ. உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா எழுதினாங்க?"

பயறு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"வந்த உடனே அலமாரியில எண்ணிப் பாத்தேன்," என்றான் வேட். "பொட்டி பிரிச்சு மூணு வாரம் ஆகல. நூத்துல ஏழு இருக்கு. காப்பகத்துக்கு நீ குடுத்தது எத்தனைன்னு எனக்குத் தெரியும். முப்பதுக்கு மேல காணோம். நான் எடுக்கல. யாருக்குக் குடுக்கற? உன் தங்கச்சிக்கா? குடுத்தா குடு, எங்கிட்டச் சொல்லிட்டுக் குடு."

"அவளுக்கில்ல."

"பின்ன?"

"நான் போட்டுக்கறேன்."

"எங்க போட்டு வக்கிற?"

"வக்கிறதில்ல, வேட். போட்டுக்கறேன். நானு. லைன்ல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு இடுப்பைப் பார்த்தான். வாயோரம் சிரிப்பு மாதிரி ஏதோ கிளம்பி அங்கேயே செத்தது.

"எவ்ளோ நாளா?"

"செப்டம்பர்லேர்ந்து."

"பெரியவங்களுக்குன்னு தனியா விக்கறானே."

"விக்கறான். மருந்துக்கடையில பில் போடறது பைப்பர். என்கூடப் படிச்சவ. அந்தப் பொட்டிய அவ முன்னால தூக்கி வச்சுட்டு நான் இந்த ஊர்ல எப்படி நடப்பேன்? அன்னைக்குச் சாயங்காலமே எல்லார் வாயிலயும் நான்தான் இருப்பேன். புள்ளைக்குன்னா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ரெண்டே ரெண்டுதானேன்னு நினைச்சேன். புள்ளைக்கு ராத்திரி ஒண்ணே போதும்னு நினைச்சேன்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "புண்ணைப் பாத்தேன். பாத்துட்டும் காலையில எடுத்துக்கிட்டுத்தான் போனேன்."

வேட் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மசிக் கை குழந்தையின் சட்டையில் பட்டுவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

"மிஸ் வனெட்டா உங்கிட்ட என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லல," என்றான் வேட். அதை அவன் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். "உன் மூத்திரத்தை மறைக்க என் மூத்திரத்தைப் பிடிச்சுக் குடுக்க வச்சுட்ட."

சோள அப்பத்தை யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண் காப்பகத்துக்கே வந்திருந்தாள். ஹோல்கம் என்று பெயர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள்தான் அங்கே இருந்தன. அதில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்து, மடியில் படிவத்தை வைத்துக்கொண்டிருந்தாள். வனெட்டா நின்றார். வேட் கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பேச மாட்டேன் என்று வண்டியிலேயே சொல்லிவிட்டான். நீதான் பேசணும், நான் வந்து நிப்பேன், அவ்வளவுதான்.

ரேலின் சொன்னாள். சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து மாதம் மறைத்தது இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோனது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஆனால் சொல்லி முடித்த பிறகும் எதுவும் லேசாகவில்லை.

ஹோல்கம் பேனாவைப் படிவத்தில் மேலும் கீழும் நகர்த்தினாள். "விற்பனை, கைமாற்று, பண்டமாற்று... இதுல எதுலயும் வராது. நீங்களே உபயோகிச்சீங்க. நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு."

"எந்த அளவு?"

"என்னம்மா கேள்வி அது!" என்றார் வனெட்டா.

"படிவத்துல கேக்குது, மேடம்." அவள் கழுத்து சிவந்தது. "அங்க கழிப்பறைக்கு விட மாட்டாங்களா?"

"விடுவாங்க. கையைத் தூக்கணும்."

"தூக்கலாமே?"

ரேலின் வனெட்டாவைப் பார்த்தாள். வனெட்டாதான் பேசினார். "நீ அங்க நின்னதில்லைல? அப்ப விடு."

ஹோல்கம் எழுதினாள். இது குழந்தையின் பெயரில் வருகிற உதவி, வேறு யாருக்கும் ஆகாது என்று வாசித்துக் காட்டினாள். இந்த ஒரு தடவை எச்சரிக்கை. திங்கட்கிழமைதோறும் இருபத்தைந்து வந்து சேர்ந்ததா என்று காப்பகம் எழுதி அனுப்பும். ஒரு வாரம் குறைந்தாலும் காப்பகத்து இடமும் போகும், உதவியும் நிற்கும். புரிந்ததா என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தடுமாறி எழுந்து போனாள்.

அவள் போன பிறகு வனெட்டா வேட்டின் பக்கம் திரும்பினார். "நான் உம்மேல எழுதினேன், வேட்."

"தெரியும், மிஸ் வனெட்டா."

"ஒரு வார்த்தை உன்னையே கேட்டிருக்கணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்டப் பேசறதுன்னு தெரியலப்பா."

"புள்ளை புண்ணைப் பாத்து எழுதினீங்க. அது உங்க வேலை," என்றான் வேட். மனைவியின் பக்கம் அவன் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் எங்கோ போய்ப் புதுப் பொட்டி ஒன்று வாங்கி வந்தான். மேசையில் உட்கார்ந்து, கறுப்பு மசிப் பேனாவால் ஒவ்வொரு டயப்பரின் முன்பட்டியிலும் ஓபல் என்று எழுத ஆரம்பித்தான். இருபத்தைந்தையும் எழுதி முடித்துப் பையில் அடுக்கினான். பிறகு மிச்சமிருந்தவற்றை எடுத்தான். அவற்றிலும் எழுதினான், கடைசி டயப்பர் வரைக்கும். ரேலின் தொட்டியருகே பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் கோபமாக எழுதவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிதானமாக, எழுத்து கோணாமல் எழுதினான்.

"பெரியவங்களுக்கானது நான் வாங்கித் தரட்டா?" என்று கேட்டான், பேனாவை மூடிக்கொண்டே. "பைப்பர்கிட்ட எனக்குன்னு சொல்லிக்கிறேன். எனக்கென்ன இனிமே."

"வேணாம், வேட்."

"அப்ப என்ன பண்ணுவ?"

"தெரியல."

திங்கட்கிழமை வண்டி நிறுத்தத்தில் அவள் எஞ்சினை உடனே அணைத்துவிட்டு இறங்கினாள்.

எட்டே காலுக்கு முட்டிக்கொண்டு வந்தது. எட்டரைக்குக் கையைத் தூக்கினாள். லைனில் இருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். ரிக்கி பலகையோடு வந்தான்.

"என்ன ரே, கத்தரி மாத்தணுமா?"

"வெளிய போகணும்."

"நீயுமா?" அவன் நிஜமாகவே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. "உன்னை வச்சுத்தானேம்மா இவளுங்களையெல்லாம் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நான் ஒண்ணும் அடக்கல, ரிக்கி." காதடைப்பான்களைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று அவள் சத்தமாகச் சொன்னாள். சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "இத்தனை நாளும் டயப்பர் வச்சுக்கிட்டு நின்னேன். என் புள்ளையோடத."

எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரிக்கி பலகையால் வாயை மறைத்துக்கொண்டு நகர்ந்தான். "மாத்தாள் வருவா, நில்லு."

ஃப்ளோரிடால்மா சிரிக்கவில்லை. கையில் கத்தரி நின்றுவிட்டது. இடது தோள் வெட்டப்படாமல் இரண்டு கோழிகள் தாண்டிப் போயின.

"டயப்பரா?"

"ஆமா."

"நான் உங்கிட்டக் கேட்டேன், ரே. என்ன பண்றன்னு கேட்டேன்."

"கேட்ட."

"டிசம்பர்ல எனக்குச் சிறுநீரகத்துல சீழ் பிடிச்சுது. உன்னை மாதிரி இருக்கணும்னுதான் அடக்கிக்கிட்டு இருந்தேன்."

ரேலினால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூம்புகள் வந்துகொண்டேயிருந்தன. ஒன்பது மணியானது. ஃப்ளோரிடால்மாவும் கையைத் தூக்கினாள். அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் மாத்தாள் ஓடிவந்து, "யாரு முதல்ல? சீக்கிரம், அங்க இன்னும் நாலு பேரு நிக்கறாங்க," என்று ரேலினின் பக்கம் வந்து நின்றாள்.

"அவ போகட்டும்," என்றாள் ரேலின்.

ஃப்ளோரிடால்மா ஒரு கணம் தயங்கினாள். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. கத்தரியை மாத்தாள் கையில் கொடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தாள்.

அவள் திரும்பி வருவதற்குள் ரேலினுக்கு வெதுவெதுவென்று தொடை வழியாக இறங்கி ரப்பர் பூட்ஸுக்குள் தேங்கிவிட்டது. அந்தக் குளிரில் ஆவி எழுந்தது அவள் கண்ணுக்கே தெரிந்தது. மாத்தாள் மூக்கைச் சுளித்து அரை அடி தள்ளி நின்றாள். ரேலின் மறுபடி கையைத் தூக்கினாள், இறக்கவில்லை. மறு கையால் மட்டும் வெட்ட முடியாததால் கோழிகள் வலது தோள் வெட்டப்படாமலே போய்க்கொண்டிருந்தன. ரிக்கி கத்திக்கொண்டே ஓடிவந்தான். தரையைப் பார்த்தான், பிறகு அவளை.

"அதான் ஆயிடுச்சே. இன்னும் எதுக்குக் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கற?"

"காலைக் கழுவணும்," என்றாள் ரேலின். "மாத்தாளை எம்பக்கம் வரச் சொல்லு."